எதை எத்தனை தண்ணீரில் கழுவ வேண்டும்?

மதுரைப் பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வாங்கி வந்தால், மஞ்சள்தூளும் கல் உப்பும் போட்டுப் பிசைந்து, நாலைந்து தண்ணீரில் கழுவித்தான் அடுப்பில் ஏற்றுவோம். தயிர்ப் பச்சடிக்கு நறுக்கும் வெள்ளரிக்காய்க்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. குழாயடியில் ஒரு காட்டு காட்டி எடுத்தால் சரி. ரசத்தை இறக்கியபின் தூவுகிற கொத்தமல்லிக்குச் சில நாள் அதுகூட இல்லை. கறி அரை மணி நேரம் கொதிக்கப் போகிறது. வெள்ளரிக்காய் நேராக வாய்க்குப் போகிறது. அப்படியானால் எங்கே அதிகம் கழுவ வேண்டுமோ அங்கே குறைவாகவும், எங்கே அடுப்பே வேலையை முடித்துவிடுமோ அங்கே அதிகமாகவும் மெனக்கெடுகிறோம். இதைச் சரிசெய்ய, தண்ணீர் எதை எடுக்கும், எதை எடுக்காது என்பதைத் தெரிந்துகொண்டாலே போதும்.

காய்கறியின் மேலிருந்து நாம் போக்க நினைப்பவை மூன்று: மண், பூச்சிமருந்து, கிருமி. மூன்றில் மண்தான் தண்ணீருக்குச் சுலபமாகப் படியும். ஆனால் அதிலும் ஒரு முறை இருக்கிறது.

மாட்டுத்தாவணி சந்தைக்கும் பரவைச் சந்தைக்கும் வருகிற கீரைக்கட்டைப் பாருங்கள். சிறுகீரையும் தண்டங்கீரையும் பெரும்பாலும் வேரோடு பிடுங்கிக் கட்டியவை. வேரில் ஒட்டிய மண்ணில் மணலும் உண்டு, களிமண்ணும் உண்டு. தண்ணீருக்குள் இந்த இரண்டும் போகிற வேகம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல், 20 செ.மீ. ஆழமுள்ள சட்டியின் அடிக்கு அரை நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதைவிட ஐம்பது மடங்கு சிறிய களிமண் துகளுக்கு அதே தூரத்தைக் கடக்க அரை நாள் ஆகும். துகளின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் கால்பங்காகக் குறைவதுதான் காரணம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. கீரையை அலசியபின் சட்டியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அடியில் படிந்த மணல் கீரை மேலேயே திரும்ப வந்து விழும். ஒரு நிமிடம் விட்டு, கீரையை மட்டும் கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். அப்புறம், கலங்கல் தானாகப் படியும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அந்தத் தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எத்தனை முறை மாற்றுவது? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நன்றாக உதறி எடுத்தாலும் ஒரு கட்டுக் கீரையில் அரை லிட்டர் தண்ணீர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 லிட்டர் தண்ணீரை மொத்தமாக ஊற்றி ஒரே முறை அலசினால், தண்ணீரில் கலந்த அழுக்கில் பன்னிரண்டில் ஒரு பங்கு கீரையிலேயே தங்கிவிடும். அதே 6 லிட்டரை இரண்டிரண்டு லிட்டராகப் பிரித்து மூன்று முறை அலசுங்கள். முதல் அலசலில் நாலில் ஒரு பங்கு மிஞ்சும், அடுத்ததில் (கீரையில் தங்கிய அரை லிட்டரும் சேர்ந்து தண்ணீர் இரண்டரை லிட்டர் ஆவதால்) அதில் ஐந்தில் ஒரு பங்கு, மூன்றாவதில் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. முடிவில் மிஞ்சுவது நூறில் ஒரு பங்குதான். செலவான தண்ணீர் ஒன்றே, சுத்தம் எட்டு மடங்கு. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருக்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். நிறையத் தண்ணீர் இருந்தால்தான் சுத்தமாகக் கழுவ முடியும் என்பதில்லை. இருக்கிற தண்ணீரைப் பங்கு போட்டுக் கழுவினால் போதும்.

கிருமிகளிடம் இந்தக் கணக்கு அப்படியே எடுபடாது. இலைமேல் விழுந்த பாக்டீரியா சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கொஞ்ச நேரத்திலேயே பற்றிக்கொள்கிறது. நாள் ஆக ஆக, கூட்டமாகச் சேர்ந்து பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்குகிறது. இலை மூச்சுவிடும் துளைகள் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியவை. அதற்குள் நுழைந்துவிட்டால் தண்ணீர் தொடவே முடியாது. அதனால்தான் எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் இலையில் உள்ள கிருமிகள் பொதுவாகப் பத்தில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோதான் குறைகின்றன. பத்து லட்சம் இருந்த இடத்தில் பத்தாயிரமாவது மிஞ்சும். அடுப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: 70 டிகிரி செல்சியஸில் இரண்டு நிமிடம் முழுமையாகச் சூடேறினால், நோய் தரும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பத்து லட்சத்தில் ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்கு அழிகின்றன. கொதிக்கிற கீரைக் கூட்டு அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். எனவே கடைகிற கீரையை மண் போகும்வரை கழுவினால் போதும். பச்சையாகப் போடும் கொத்தமல்லியையும் புதினாவையும்தான் அதைவிடக் கவனமாகக் கழுவ வேண்டும். வேரையும் அழுகிய இலையையும் முதலில் ஆய்ந்து எறிந்துவிட்டு, மூன்று தண்ணீரில் அலசி, கடைசியில் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும்.

வெள்ளரிக்காய், கேரட், முள்ளங்கி, பழங்கள் இவற்றுக்கெல்லாம் முக்கியமானது கைதான். குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்து விரலால் அழுத்தித் தேய்க்கும்போது ஏற்படும் உராய்வுதான் கிருமியையும் குடற்புழு முட்டையையும் பெயர்த்தெடுக்கிறது. உருண்டைப்புழுவின் முட்டைக்கு மேலே ஒட்டும் தன்மையுள்ள ஒரு உறை இருக்கிறது. மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குடிநீரில் போடும் குளோரினுக்கும் அது அசையாது. சும்மா ஊறவைத்தால் போகாது, தேய்த்தால் போகும். சோப்புப் போட வேண்டாம். தோலில் உள்ள நுண்துளைகள் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நாம் அதையும் சேர்த்துச் சாப்பிட நேரும்.

நறுக்குவதற்கு முன்பே கழுவிவிட வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. கத்தி மேல்தோலில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். தோலைச் சாப்பிடாத தர்பூசணியையும் கழுவித்தான் வெட்ட வேண்டும் என்பது இதனால்தான். தவிர, நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டால் வைட்டமின் சி கரைந்து வெளியேறும்.

பழங்களில் பலருக்கும் தெரியாத இன்னொரு சங்கதி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் நத்தத்திலிருந்து வரும் மாம்பழம் வெயிலில் காய்ந்து சூடாக இருக்கும். அதை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால், பழத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கி, காம்புப் பகுதி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். பிறகு வெளியே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. 1999-இல் அமெரிக்காவில் மாம்பழம் மூலம் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் நோய் பரவியது. பிரேசிலிலிருந்து வந்த அந்தப் பழங்களைப் பழ ஈயை ஒழிப்பதற்காக வெந்நீரில் முக்கி, பிறகு குளிர்ந்த நீரில் போட்டிருந்தார்கள். கிருமி உள்ளே போனது அந்தக் கட்டத்தில்தான் என்று கருதப்படுகிறது. வீட்டில் செய்ய வேண்டியது எளிது. சூடான பழத்தை நிழலில் ஆறவைத்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தக்காளிக்கும் இதே விதிதான்.

இனி பூச்சிமருந்து. மருந்து மழையில் கரைந்துபோகாமல் இலையில் ஒட்டி நிற்பதற்காகவே அதோடு ஒட்டுப்பசை கலந்து தெளிக்கிறார்கள். அதனால் தண்ணீருக்கு அது முழுதாக மசியாது. ஆனாலும் தேய்த்துக் கழுவும்போது தோலின் மேலுள்ளதில் ஒரு பகுதி போகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் சோதித்துப் பார்த்த 12 மருந்துகளில் 9, வெறும் குழாய்த் தண்ணீரிலேயே குறைந்தன. காய்கறி கழுவுவதற்கென்று விற்கும் திரவங்கள் தண்ணீரைவிட மேலாக எதையும் செய்யவில்லை. அந்தப் பாட்டில்களுக்குக் கொடுக்கும் காசு வீண் என்றே சொல்வேன். ஆப்பச் சோடாவுக்குக் கொஞ்சம் மதிப்புண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் நடந்த ஆய்வில், லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்த ஆப்பிளின் மேற்பரப்பிலிருந்து இரண்டு மருந்துகள் பெருமளவு நீங்கின. ஆனால் அதில் ஒரு மருந்தின் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கியிருந்தது. அதைச் சோடாவாலும் எடுக்க முடியவில்லை. வேர் வழியாக ஏறிச் செடியெங்கும் பரவும் மருந்துகளுக்குக் கழுவுதல் எந்த வகையிலும் தீர்வாகாது. அது வயலிலேயே, மருந்தடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கிறார்கள் என்பதில் தீர்மானமாகிவிடுகிறது.

கம்பம் பன்னீர் திராட்சையின் மேல் தெரிகிற சாம்பல் பூத்த வெள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. அதில் பெரும்பகுதி பழமே சுரக்கும் மெழுகு. ஈரம் வற்றாமல் பழத்தைக் காப்பது அதுதான். அதற்காகக் கழுவாமல் தின்னலாம் என்று அர்த்தமில்லை. குலையைச் சின்னச் சின்னக் கொத்தாகப் பிரித்து, உள்பக்கமும் தண்ணீர் படும்படி அலசுங்கள். மஞ்சள் தண்ணீரில் போடுவதில் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. காலிஃபிளவருக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் நல்லது. பூவுக்குள் ஒளிந்திருக்கும் புழு வெளியே வந்துவிடும்.

கோழிக்கு வருவோம். கழுவுவதால் கோழியின் தோலிலும் சதையிலும் ஒட்டிய கிருமிகள் மிகக் கொஞ்சமே போகின்றன. ஆனால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் அவற்றைக் குழாய்க்குக் கீழுள்ள தொட்டியெங்கும், பக்கத்தில் இருக்கும் தட்டுவரைக்கும் கொண்டுபோகின்றன. அமெரிக்க வேளாண் துறையும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் இதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டன. ஆபத்தில்லாத ஒரு பாக்டீரியாவை அடையாளத்துக்காகக் கறியில் சேர்த்துக் கொடுத்தார்கள். கறியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் தொட்டியில் அது இருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்தபிறகும் 14 சதவீதம் பேரிடம் மிஞ்சியது. 26 சதவீதம் பேரின் பச்சைக் காய்க் கலவைக்கே அது போய்ச் சேர்ந்துவிட்டது. கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் காய்க் கலவையில் அது இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கறி தொட்ட கையைச் சரியாகக் கழுவாததே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஆனால் நம் ஊர்க் கடையில் கண்முன்னே வெட்டித் தரும் கறியில் ரத்தமும் எலும்புச் சிதறலும் சில நேரம் இறகும் இருக்கும். அதைக் கழுவவே கூடாது என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் சொல்ல மாட்டேன். கழுவும் விதத்தை மாற்றினால் போதும். ஆழமான ஒரு சட்டியில் தண்ணீரை முதலில் நிரப்பி, அதற்குள் கறியை மெதுவாக இறக்கி, கையால் அலசி எடுங்கள். குழாயடியில் பிடிக்க வேண்டாம். இரண்டு தண்ணீர் தாராளம். பச்சடிக்கான காய்களை எல்லாம் கழுவி, நறுக்கி, மூடி வைத்தபின் கடைசியாகக் கறியைத் தொடுங்கள். பிறகு கை, சட்டி, தொட்டி மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமியைக் கொல்லும் வேலையை அடுப்பிடம் விட்டுவிடலாம். எலும்பை ஒட்டிய சதையும் 74 டிகிரியைத் தொட்டுவிட்டால் முடிந்தது.

கழுவுவதில் மதுரைக்காரர்கள் காட்டும் பக்குவத்துக்கு நல்ல சாட்சி அயிரை மீன். ஆற்றின், கண்மாயின் அடிமண்ணில் மேய்கிற இந்தச் சின்ன மீனைக் குடலோடு முழுசாகக் குழம்பில் போடுகிறோம். வெளியே மட்டும் கழுவினால் குழம்பு நறநறக்கும். அதனால்தான் உயிரோடு வாங்கி, நல்ல தண்ணீரில் விட்டு, பாலும் கொஞ்சம் ஊற்றி வைத்து, உள்ளேயிருக்கும் மண்ணை மீனே கக்க விடுகிறார்கள். சிப்பிகளை விற்பதற்கு முன் சுத்தமான கடல்நீரில் வைத்திருப்பதும் இதே அடிப்படையில்தான். பிறகு கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசுவது வழுவழுப்பை எடுப்பதற்காக.

அரிசியை மட்டும் அளவோடு களைய வேண்டும். அரிசியில் கல் இருந்த காலத்தில், உள்ளே வரிவரியாக இருக்கும் அரிக்கன் சட்டியில் அரித்தார்கள். அரிசியைவிடக் கல் கனமானது என்பதால் அது வரிகளுக்கு இடையே தங்கிவிடும். இன்று கடை அரிசியில் நாம் போக்குவது தூசியும் மேல்மாவும்தான். பச்சரிசியைத் தண்ணீர் தெளியும்வரை களைந்துகொண்டே இருந்தால் தயமின் என்ற பி1 வைட்டமினும் சேர்ந்து போய்விடும். புழுங்கல் அரிசியில் இந்த இழப்பு குறைவு. நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. குன்னூரில் எய்க்ராய்டு என்ற ஊட்டச்சத்து விஞ்ஞானியின் தலைமையில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இதை ஆராய்ந்தது. தீட்டிய பச்சரிசி உண்ட வடக்குக் கடலோர ஆந்திராவில் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் இருந்ததற்கும், புழுங்கல் அரிசி உண்ட பகுதிகளில் அது அரிதாக இருந்ததற்கும் இதில்தான் விளக்கம் கிடைத்தது. இரண்டு தண்ணீருக்கு மேல் அரிசியைக் களைய வேண்டியதில்லை.

கடைசியாக, கழுவும் தண்ணீர். டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் கை விட்டு மொள்ளுகிற வீட்டில், கழுவியபின்தான் காய் அசுத்தமாகும். சமைப்பதற்கு அந்தத் தண்ணீர் போதும். பச்சையாகச் சாப்பிடுவதை மட்டும் கடைசி அலசலில் குடிக்கிற தண்ணீரால் அலசுங்கள். பஸ் ஸ்டாண்டில் கீறி மிளகாய்த்தூள் தடவி விற்கும் வெள்ளரிக்காயும் மாங்காயும் ஒரே வாளித் தண்ணீரில் காலையிலிருந்து முக்கி எடுத்தவையாக இருக்கலாம். முழுக் காயாக வாங்கி வந்து வீட்டில் கழுவி நறுக்குவதே நல்லது. கழுவியதைச் சுத்தமான துணியால் துடைத்தால் மிஞ்சிய கிருமி இன்னும் கொஞ்சம் குறையும். அன்றே சமைக்காத கீரையையும் கொத்தமல்லியையும் கழுவாமல், மண்ணை மட்டும் உதறி எடுத்து வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் இரண்டு நாளில் கொழகொழத்துவிடும்.