தேங்காய் எண்ணெயும் துளசிச் செடியும்

போன தை மாதம், திருகோணமலைக் கடற்கரையோரம் உப்புவெளி வீட்டு முற்றத்தில் நின்ற துளசியைச் சாடியோடு தூக்கி வான் வண்டியில் வைத்து, மலையில் நுவரெலியாவில் இருக்கும் அக்காவுக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேர இருட்டிவிட்டது. காலையில் இறக்கலாம் என்று செடியை வானிலேயே விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் வெந்நீர் ஊற்றியதுபோல இலைகள் துவண்டு, விளிம்பெல்லாம் கறுத்திருந்தன. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன், ஈரம். வெளியே எங்கும் உறைபனி கொட்டவும் இல்லை. பிறகு எப்படிச் செத்தது?

விடை அக்காவின் குசினியில் இருந்தது. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் மெழுகுபோல வெள்ளையாக இறுகியிருக்க, பக்கத்தில் நல்லெண்ணெய் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி ‘நிரம்பிய கொழுப்பமிலம்’ என்ற வகை. அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நேரானவை. ஈர்க்குக் கட்டுப்போல நெருங்கி அடுக்கிக்கொள்ளும், ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும். நல்லெண்ணெயின் சங்கிலிகளோ நடுவில் வளைந்தவை. வளைந்த சுள்ளிகளை இறுக்கிக் கட்டமுடியுமா?

செடியின் ஒவ்வொரு கலத்தையும் மூடியிருக்கும் மென்சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். வெக்கையில் வாழும் செடிகள் பலவற்றின் மென்சவ்வில் நிரம்பிய கொழுப்பு கூடுதல். சுமார் 10, 12 பாகைக்குக் கீழே போனால் அது விறைக்கத் தொடங்கும், உள்ளிருக்கும் உப்பும் நீரும் கசியும். இலை கறுப்பதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. ஜப்பானின் நோரியோ முராட்டா குழுவினர் 1992இல் இதைப் புகையிலையில் காட்டினார்கள். பூசணி இனத்து மரபணு ஒன்றைச் செலுத்தி நிரம்பிய கொழுப்பைக் கூட்டியபோது புகையிலை குளிருக்குச் சுருண்டது. கடுகுக் குடும்பத்துச் சிறு களை ஒன்றின் மரபணுவால் அதைக் குறைத்தபோது தாக்குப்பிடித்தது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும். ஆக, கடற்கரையில் வளர்ந்த செடி ஒரே நாளில் 12 பாகை கீழே இறங்குகிறது. தை, மாசி இரவுகளில் இன்னும் அதிகம்.

ஈரமண்ணில் நின்றும் வாடியது ஏன்? குளிர்ந்த நீர் தடிப்பானது. 25 பாகையில் இருப்பதைவிட 5 பாகையில் ஏறக்குறைய 1.7 மடங்கு பிசுக்குமை. வேரின் நீர்வழிகளும் குளிரில் அடைத்துக்கொள்ளும். ஆனால் இலைவாய்கள், அதாவது இலையிலிருந்து நீர் ஆவியாகும் நுண்துளைகள், உடனே மூடுவதில்லை. மேலே நீர் போய்க்கொண்டே இருக்கும், கீழிருந்து வராது. நிலத்தில் நிற்கும் செடிக்குச் சுற்றியுள்ள மண் வெப்பத்தைத் தேக்கிவைத்திருக்கும், சாடிச் செடிக்கு அந்தக் காவல் இல்லை. அதனால்தான் இலையைவிட வேரை முதலில் போர்த்தவேண்டும் என்கிறேன்.

அடுத்த முறை அப்படித்தான் செய்தேன். ஒரு கிழமைக்கு முன்பே உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் கொஞ்சம் குறைத்தேன். லேசான நீர்த்தட்டுப்பாடு பழகிய செடி குளிரையும் ஓரளவு தாங்கும். புறப்படுவதற்கு முதல்நாள் காலை நன்றாக ஊற்றி வடியவிட்டேன், ஈரமண் காய்ந்த மண்ணைவிட மெதுவாகத்தான் ஆறும். சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுமுட்டும், அது வேறு வில்லங்கம். சாடியை ரிஜிபோம் பெட்டியில் இறக்கி, இடைவெளியில் காய்ந்த தும்புச்சோறு நிரப்பினேன். வானின் இரும்புத்தளம் வெப்பத்தை உறிஞ்சும், ஆகவே அடியில் பலகை. இலைகளுக்குப் பத்திரிகைக் கடதாசி. பொலித்தீன் என்றால் உள்ளே வியர்த்து, நனைந்த இலை இன்னும் குளிரும்.

வழியில் தம்புள்ளையில் மலிவாகக் கிடைத்தாலும் பழுத்த வாழைக்குலையைச் செடியோடு ஏற்றவேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு மூடிய வண்டிக்குள் தேங்கி இலைகளை உதிர்த்துவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கவனம். பாவம் குளிர்ந்துவிட்டதே என்று காலை வெயிலில் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். குளிர்ந்த இலை ஒளியைப் பிடிக்கும், ஆனால் ஒளித்தொகுப்பு ஓடாது. செலவாகாத சக்தி நச்சு ஒட்சிசனை உண்டாக்கி இலையைச் சுடும். இரண்டு நாள் நிழலில், மெல்ல மெல்ல வெளிச்சம்.

அந்த இரண்டாவது துளசி அக்காவின் குசினியில் நிற்கிறது. பகலில் யன்னலோரம். இரவில் கண்ணாடியில் இலை படாமல் ஒரு முழம் உள்ளே தள்ளிவைக்கிறாள்.