டாங்கியில் பற்றிய தீயும் நைலான் நைட்டியும்

1973 அக்டோபர் 6 அன்று, சிரியா-இஸ்ரேல் எல்லையிலுள்ள கோலான் குன்றுகளில் சிரியா ஏறக்குறைய 1,400 டாங்கிகளை இறக்கியது. எதிரே இஸ்ரேலிடம் இருந்தவை 180கூட இல்லை. அந்தச் சண்டையைப் பலரும் வியூகத்துக்காகப் படிப்பார்கள். தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் நான் படிப்பது அங்கே வெந்துபோனவர்களுக்காக.

டாங்கிக்குள் நாலு பேர், கூடவே எரிபொருளும் குண்டுகளும். அடிபட்டால் சில நொடிகளில் உள்ளே முழுக்கத் தீ. கோலானிலுள்ள கண்ணீர்ப் பள்ளத்தாக்கில் இஸ்ரேலின் 77-வது டாங்கிப் பட்டாலியனை நடத்திய அவிக்தோர் கஹலானி, 1967 போரிலேயே டாங்கித் தீயில் மோசமாக வெந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறியவர். அத்தனைக்கும் பிறகு மறுபடி டாங்கியில் ஏறினார் என்பது எனக்கு இன்னும் மலைப்புத்தான்.

1973 போருக்குப் பிறகு இஸ்ரேலின் டாங்கி வீரர்களுக்கு நோமெக்ஸ் என்ற தீயைத் தாங்கும் துணியில் தைத்த உடையும், டாங்கிக்குத் தானியங்கித் தீயணைப்புக் கருவியும் வந்தன. நோமெக்ஸ் உருகாது, கருகித் தடிக்கும். வெளியே குதிக்கத் தேவையான சில நொடிகள் அதில் கிடைக்கும்.

நம் வீட்டு அடுப்படியில் நடப்பது இதற்கு நேர்மாறு. நைலான், பாலியஸ்டர் நைட்டியில் தீப்பிடித்தால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு மார்பிலிருந்து தொடைவரை ஆழமான காயம். உள்ளே கட்டியிருந்த பருத்திப் பாவாடையின் இடுப்புப் பட்டை இருந்த இடத்தில் மட்டும் தோல் சிவந்ததோடு நின்றிருந்தது. பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. சமைக்கும்போது உடம்போடு ஒட்டிய பருத்தி உடை போடுங்கள், துப்பட்டாவை எடுத்து வையுங்கள்.

சரி, தீப்பிடித்துவிட்டால்? ஓடாதீர்கள், ஓடினால் தீ இன்னும் வளரும். கீழே படுத்துப் புரளுங்கள். அணைந்ததும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தில் விடுங்கள். பேனா மை, டூத்பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். இதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் எங்களால் காயத்தின் ஆழத்தையே பார்க்க முடிகிறது, அந்த வலி அவர்களுக்குத் தேவையில்லாத வலி. வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் சுத்தமான உலர்ந்த துணியால் போர்த்தி 108-ஐ அழையுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கவே கூடாது. சுற்றியுள்ளதைக் கத்தரித்துவிட்டு அப்படியே கூட்டி வாருங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.