குழாய் உறுப்பு இல்லங்க, குழலியம்

ஜெர்மனியில ரைசும்னு ஒரு சின்ன கிராமம். அங்க தேவாலயத்துல 15ஆம் நூற்றாண்டு பைப் ஆர்கன் (காத்தால குழல்களைப் பாட வைக்கிற வாத்தியம்) ஒண்ணு இன்னிக்கும் வாசிக்கிற நிலைமையில இருக்கு. அது சம்பந்தமா ஒரு வீடியோ பார்த்தேன், தமிழ் சப்டைட்டில்ல "பழமையான குழாய் உறுப்பு சீரமைக்கப்பட்டது"ன்னு ஓடுது. இதை எத்தனை தடவைதான் பார்க்கிறது? படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும்.

கிரேக்கத்துல ஆர்கனான்னா வேலைக்கு உதவுற கருவி, லத்தீன்ல அதே ஆர்கனும். உடம்புல இருக்கிற உறுப்பும் ஒரு கருவிதானேன்னு அதுக்கும் அதே ஆர்கன்ங்கிற பேரு. அவ்ளோதான்.

ஆனா தமிழ்ல உறுப்புன்னா முழுசான ஒண்ணோட ஒரு பாகம், அதனாலதான் சங்கத்துல சேர்ந்தவர உறுப்பினர்ங்கிறோம். இந்த வாத்தியம் எதோட பாகம்? துருத்தி காத்தை அடைச்சு வைக்குது, கட்டையை அமுக்கினா குழலுக்குக் கீழ இருக்கிற அடைப்பு திறக்குது, காத்து ஏறி குழல் பாடுது, விரலை எடுக்கிற வரைக்கும் சத்தம் தேயாம அப்படியே நிக்கும். அதுவே ஒரு முழு வாத்தியம்ங்க. "குழாய்" அதவிட மோசம், குழாய்ல தண்ணி வரும், பாடுறது குழல். பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புல இந்தத் தெளிவு இருந்துச்சு: கிங் ஜேம்ஸ்ங்கிற பழைய இங்கிலீஷ் பைபிள்ல ஆர்கன்னு இருக்கிற எடத்துல, ஆதியாகமம் 4:21-ல நாகசுரக்காரர், சங்கீதம் 150-ல தீங்குழல். ஊதுற வாத்தியம்னு யோசிச்சு எழுதியிருக்காங்க, இப்போ அகராதியில முதல்ல கண்ணுல படுற அர்த்தத்த எடுத்து ஒட்டிட்டுப் போயிடறாங்க.

சிலர் காற்றுப்பெட்டிங்கிறாங்க, அது ஆர்மோனியத்துக்குத்தான் பொருந்தும், அதுல உலோக நாக்குதான் அதிரும், குழலே கிடையாது. இயம்னா வாத்தியம், பல்லியம் (பல வாத்தியம்), இன்னியம் (இனிய வாத்தியம்)னு ஏற்கெனவே இருக்கு, அதனால எழுத்துல குழலியம்னு வைக்கலாம். மார்க்சியம் மாதிரி கேக்குதுன்னு ஒருத்தர் சொன்னார், பல்லியம் அப்படிக் கேக்குதா என்ன? பேச்சுல ஆர்கன்னே சொல்லுங்க, சர்ச்சுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, தப்பே இல்ல.

ரைசும்காரங்க அந்த ஆர்கனுக்குக் காசு கட்ட, கொழுத்த மாடுகள எம்ஸ் ஆத்தைத் தாண்டி, இப்போ நெதர்லாந்துல இருக்கிற க்ரோனிங்கனுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டதா பழைய வரலாற்றுக் குறிப்பு ஒண்ணு இருக்கு. மாட்டை வித்து வாங்கின வாத்தியத்த உறுப்புன்னு எழுதாதீங்க.