மனந்திரும்புதல்: சொல் விளக்கம்

மனம் + திரும்புதல் = மனந்திரும்புதல். 'போன வழியை விட்டுக் கடவுளிடம் திரும்பி வருவது' என்று ஒரே வரியில் பொருள் எழுதிவிடலாம். ஆனால் ஜெபத்திலும் பிரசங்கத்திலும் இந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்த பலருடைய மனதில் பதிந்திருப்பது வேறு. அழ வேண்டும், நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும், இனிமேல் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்தால் கடவுள் மன்னிப்பார். சரி, போதுமான அளவு அழவில்லை என்றால்? இந்தக் கேள்வியோடு நானும் பல வருடம் இருந்திருக்கிறேன். சொல்லைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரேயத்தில் இதற்கு அடிப்படையான வினை 'ஷூவ்'. அது சமயத்துக்கென்று பிறந்த சொல்லே அல்ல. வெளியூர் போனவர் வீடு திரும்புவதற்கும் அதே வினைதான். ரூத்தின் கதையில் நகோமி தன் மருமக்களைத் 'திரும்பிப் போங்கள்' என்று சொல்லும் இடத்திலும் அதுவே வருகிறது. தீர்க்கதரிசிகள் இந்தச் சாதாரணச் சொல்லை எடுத்துக்கொண்டு, "உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து" கர்த்தரிடத்தில் திரும்புங்கள் (யோவேல் 2:13) என்று கூப்பிட்டார்கள். வருந்துவதற்கு எபிரேயத்தில் வேறு வினை உண்டு: 'நாஹம்'. மனிதனை உண்டாக்கியதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று ஆதியாகமம் 6:6 சொல்லும்போது வருவது அந்த வினை. ஆக வருந்துவது ஒன்று, திரும்புவது இன்னொன்று.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மெட்டனோயா'. 'மெட்டா' என்பது பின் அல்லது மாற்றம், 'நூஸ்' என்பது உள்ளம், அறிவு. எண்ணமே புரண்டு வேறாவது என்று கொள்ளலாம். இதோடு 'எபிஸ்ட்ரெஃபோ', அதாவது திரும்பு என்ற வினையும் வரும். அப்போஸ்தலர் 3:19-இல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 1871-இல் வெளிவந்து இன்றும் புராட்டஸ்டன்ட் சபைகளில் பரவலாகப் படிக்கப்படும் தமிழ் வேதாகமம் அதை "மனந்திரும்பிக் குணப்படுங்கள்" என்கிறது (இங்கே குணப்படுதல் என்பது நல்வழிக்குத் திரும்புதல்). எனக்கு இந்தத் தமிழ்ச் சொல் மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான்: 'மனம்' கிரேக்கத்தின் பங்கு, 'திரும்புதல்' எபிரேயத்தின் பங்கு. இரண்டு மொழிகள் தனித்தனியாகச் சொன்னதைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

கிரேக்கத்திலும் வருத்தத்துக்குத் தனி வினை இருக்கிறது: 'மெட்டமெலோமாய்'. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அதற்காக வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தபோது 'மனஸ்தாபப்பட்டு' என்று தமிழில் படிக்கிறோமே, அங்கே இருப்பது அதுதான் (மத்தேயு 27:3). அவனுடைய வருத்தம் பொய்யானதல்ல. குற்றத்தை ஒத்துக்கொண்டான், காசையும் எறிந்துவிட்டான். ஆனால் திரும்பி வர யாரும் இல்லை என்று நினைத்துவிட்டான். (இந்த இரு வினைகளுக்கும் நடுவே எப்போதும் பெரிய சுவர் இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். முதலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு திராட்சத்தோட்டத்துக்குப் போன மகனைப் பற்றியும் மத்தேயு 21:29 'மெட்டமெலோமாய்' என்றே சொல்கிறது.)

வருந்துவதையும் திரும்புவதையும் ஒன்றாக்கிவிடும் குழப்பத்தில் பெரும்பகுதி லத்தீன் வழியாக வந்தது. பழைய மொழிபெயர்ப்பாளர் ஜெரோமின் லத்தீன் வேதாகமத்தில் 'மனந்திரும்புங்கள்' என்ற இடத்தில் இருப்பது 'பெனிதென்சியாம் ஆகிதே'. அதை 'மனம் வருந்துங்கள்' என்றும் படிக்கலாம், 'தவம் செய்யுங்கள்' என்றும் படிக்கலாம். அறிஞர் எராஸ்மஸ் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டபின் மூலச்சொல்லைப் பலரும் நேரே பார்க்க முடிந்தது. 1517-இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே இந்தச் சொல்லைப் பற்றியதுதான்: இயேசு மனந்திரும்புங்கள் என்றபோது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதையே விரும்பினார் என்கிறது அது.

தமிழில் இதற்கு வழங்கும் மற்றச் சொற்களையும் பார்த்துவிடலாம். 'மனஸ்தாபம்' பழைய கிறிஸ்தவத் தமிழில் பாவத்துக்காக வருந்துவது. 'உத்தம மனஸ்தாபம்' என்ற கத்தோலிக்க வழக்கு அந்தப் பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் இன்று வெளியே அதைச் சொன்னால் இருவருக்குள் ஏதோ பிணக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பச்சாத்தாபம்' பின்னால் எழும் வேதனையைக் குறித்த வடசொல். அது இப்போது 'பச்சாதாபம்' ஆகி, பிறர்மேல் இரக்கம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. 'கழிவிரக்கம்' அழகான தமிழ், ஆனால் அது நடந்து முடிந்ததையே பார்த்துக்கொண்டு நிற்கும் சொல். குணப்படுதல் இன்று நோய் தீர்வதோடு போய்விட்டது. கத்தோலிக்கர் இப்போது வழங்கும் 'மனமாற்றம்' கிரேக்கத்துக்கு மிக நெருங்கியது, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மாறுவது எந்தப் பக்கமும் நடக்கலாம். திரும்புவதற்கோ, ஏற்கெனவே இருந்த ஓர் இடம் வேண்டும், அங்கே யாராவது இருக்கவும் வேண்டும். அதனால் என் ஓட்டு மனந்திரும்புதலுக்கே.

அப்புறம் கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு. மனந்திரும்பினால்தான் கிருபை என்றால் அது கூலி ஆகிவிடாதா? இதற்குப் பதில் இலக்கணத்திலேயே கிடைக்கிறது. திரும்பு என்பது தன்வினை, திருப்பு என்பது பிறவினை. புலம்பல் 5:21 இரண்டையும் ஒரே வேண்டுதலில் கோத்துவைக்கிறது: "கர்த்தாவே, எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும், அப்பொழுது திரும்புவோம்." எபிரேயத்திலும் இரண்டு இடத்திலும் 'ஷூவ்' வினைதான், முதலில் பிறவினையாக, பிறகு தன்வினையாக. திரும்புகிறவன் நான்தான், எனக்குப் பதிலாக வேறொருவர் திரும்ப முடியாது. ஆனாலும் என்னைத் திருப்புகிறவர் முன்னமே வேலையைத் தொடங்கிவிட்டார். "தேவதயவு நீ குணப்படும்படி உன்னை ஏவுகிறது" என்று ரோமர் 2:4-இல் பவுல் சொல்வதும் இதையே. தயவு முதலில், குணப்படுதல் அதன் விளைவு. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு வீட்டிலும் அப்படித்தான். 'இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்' என்று இயேசு சொன்னது முன்னால், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு சொன்னது பின்னால். கொடுத்ததால் வந்தாரில்லை, வந்ததால் கொடுத்தான். கொடுக்காமலும் இருக்கவில்லை. யோவான் ஸ்நானகன் கேட்ட 'மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி' அதுதான்.

லூக்கா 15-ஐ இந்தச் சொல்லோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். "மனந்திரும்புகிற ஒரே பாவியினிமித்தம்" என்று இயேசு சொல்வது காணாமற்போன ஆட்டின் கதைக்கும் வெள்ளிக்காசின் கதைக்கும் பிறகு. ஆடு நடந்து வரவில்லை, தோளில் தூக்கிக்கொண்டு வரப்பட்டது. காசு தன்னைத் தேடச் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, உண்மையிலேயே எழுந்து நடந்து வந்த இளைய மகனின் கதையில் 'மனந்திரும்புதல்' என்ற சொல் ஒரு முறையும் வருவதில்லை; "புத்தி தெளிந்தபோது" என்று மட்டும் இருக்கிறது. அவனும் வழியில் சொல்வதற்கு ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வருகிறான். அதன் கடைசி வாக்கியம், "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகு மகன் பேசத் தொடங்குகிறான். பாவஞ்செய்தேன் என்பதைச் சொல்கிறான், நான் பாத்திரனல்ல என்பதையும் சொல்கிறான். கூலிக்காரன் என்ற அந்த வாக்கியத்துக்கு வருவதற்குள் தகப்பன் ஊழியக்காரரிடம் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.