மெலிந்த உடம்பிலும் நீரிழிவு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நீரிழிவுப் பராமரிப்புத் தாதியாக வேலை செய்கிறேன். சென்ற மாதம் வந்தவருக்கு 41 வயது. பண்டகசாலையில் இரவு வேலை. உயரம் 170 சென்ரிமீற்றர், எடை 68 கிலோ. "நான் மெலிவுதானே, எனக்கு எப்படிச் சீனி வருத்தம் வரும்?" என்று கேட்டார். அவருடைய இடுப்புப் பட்டியைக் கவனித்தேன். பழைய துளையைச் சுற்றிப் பட்டியின் தோல் வெடித்திருந்தது. கொளுக்கி அதிலிருந்து இரண்டு துளை வெளியே தள்ளி, தளர்வாக நின்றது. அளவு நாடாவைச் சுற்றினேன், 94 சென்ரிமீற்றர். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான ஏ1சி 7.2 சதவீதம். நீரிழிவு என்பதற்கு 6.5 போதும்.

ஒரே எடையுள்ள வெள்ளையரைவிட, தெற்காசியரான நம்மவர் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் தோலுக்கடியில் தங்காமல் ஈரலிலும் குடலைச் சுற்றியும் சேர்கிறது. கை கால் ஒல்லியாகவே இருக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டிலேயே, ஆசியருக்கு உடற்பருமன் குறியீடு (கிலோ எடையை மீற்றர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) 25 வரை காத்திராமல் 23இலேயே விழித்துக்கொள்ளச் சொன்னது. இவருடையது 23.5. இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. கீழ் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டு அளவுங்கள்.

2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் தெற்காசியர் சுமார் 26 இலட்சம் பேர். 1983 கலவரத்துக்குப் பின் இருபதுகளில் இங்கே வந்து இறங்கிய தமிழர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது அவர்களுடைய பிள்ளைகளின் வயதில் வருபவர்கள்தான்.

சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சொன்னாலும் யாரும் நிறுத்துவதில்லை. "இரவில் சோறே தொடுவதில்லை" என்றார் அந்த 41 வயதுக்காரரும். விசாரித்தால், வேலைக்குப் போகுமுன் பிட்டு, விடியற்காலை திரும்பியதும் இடியப்பம். இரண்டும் அரிசி மா! பிட்டைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் மீனும் வைக்கச் சொன்னேன்.

கர்ப்ப காலத்தில் சீனி இருந்த பெண்கள், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும். கைக்குழந்தையோடு அலைவதில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். மற்றவர்கள், ஏ1சி பார்க்க வேண்டும் என்று குடும்ப மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால், ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை.

பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்க அனுமதிக்கும் சுப்பர் விசாவில் வந்த பெற்றோருக்கு அந்த அட்டை கிடையாது. பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாதென்று, ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். இன்றிரவு உங்கள் அம்மாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, எத்தனை மீதமிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.