ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஒரு மணல்காடு

‘சுற்றிலும் ஊசியிலைக் காடு, நடுவில் பாலைவனம் மாதிரி மணல். இந்தப் படம் நிஜமா, கணினி வரைந்ததா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிஜம்தான். அலாஸ்காவில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கும் கோபுக் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா அது. 1980இல் பூங்காவானது. இன்றுவரை சாலை கிடையாது. கோட்செபு ஊரிலிருந்து சின்ன விமானத்தில் போய் அந்த மணலிலேயே இறங்குவார்கள்.

மணல் வந்த கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பனியுகத்தில் பனியாறுகள் மலைப்பாறையை அரைத்தன; அரைத்ததை உருகிய நீர் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து கொட்டியது. சரி, அதில் கூழாங்கல், மணல், மாவுத்தூள் எல்லாமே கலந்துதானே கிடந்திருக்கும்? மணல் மட்டும் எப்படித் தனியாகப் பிரிந்து வந்தது?

காற்று புடைத்தெடுத்தது. முறத்தில் அரிசி புடைக்கும்போது உமி பறந்துவிடும், கல் தங்கிவிடும் அல்லவா? அதேபோல் மாவுத்தூள் காற்றில் ஏறி வெகுதூரம் போய்விடுகிறது. கூழாங்கல் அசைவதில்லை. மணல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது: பறக்க முடியாத அளவுக்குக் கனம், சும்மா கிடக்க முடியாத அளவுக்கு லேசு. அதனால் அது துள்ளுகிறது. ஒரு துகள் சில சென்டிமீட்டர் எழும்பும், காற்று அதை முன்னே தள்ளும், விழும் வேகத்தில் கீழே கிடக்கும் துகள்களைத் தெறிக்கவிடும், அவையும் துள்ளும். கேரம் காய்கள் போல ஒன்று பலவற்றைக் கிளப்பிவிடுகிறது. காற்று கொஞ்சம் தணிந்தாலும் இந்தத் தொடர் சட்டென்று நிற்பதில்லை. துள்ளி ஏறிய மணல் மேட்டின் உச்சிக்கு வந்ததும் மறுபக்கச் சரிவில் உருண்டு விழுகிறது. மேடு ஓர் அடி நகர்ந்தது என்றால், கோடிக்கணக்கான துள்ளல்கள் நடந்திருக்கின்றன என்று பொருள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஒரு காலத்தில் சுமார் 800 சதுர கிலோமீட்டர் பரவியிருந்த மணல் இது. புல், பாசி, மரம் என்று பசுமை மெல்ல மூடிக்கொண்டே வர, பெரிய மேட்டுப்பரப்பில் இன்று திறந்து கிடப்பது ஏறக்குறைய 65 சதுர கிலோமீட்டர்தான். கோடையில் அங்கே வெப்பம் 38 டிகிரியைத் தொடுவதுண்டு.

2010 மார்ச்சில் ஆய்வாளர்கள் போனபோது குளிர் உறைநிலைக்குக் கீழே இருந்தது. ஆனால் கருமணல் வெயிலில் சூடேறி, ஒட்டியிருந்த பனியை உருக்கியது. ஈரமணல் சேறாகச் சரிவில் வழிந்தது. செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளில் தெரியும் கருங்கோடுகளைப் புரிந்துகொள்ள இது உதவும் என்பது அவர்கள் கருத்து. ‘மணலை ஆராயவா பணம்?’ என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆய்வைத்தான். செவ்வாய்க்கு ஆள் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அப்புறம், அதே பூங்காவில் கோபுக் ஆற்றோரத்தில் ‘ஆனியன் போர்டேஜ்’ என்று ஓர் இடம் உண்டு; தமிழில் வெங்காயத் துறை எனலாம். காட்டு வெங்காயம் வளர்வதால் வந்த பெயர். அந்தப் பகுதியின் பழங்குடிகளான இனுபியாட் மக்கள் அதைப் பாட்டிடாக் என்கிறார்கள். கரிபூ மான்கள் ஆற்றைக் கடக்கும் இடம் அது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளாக மனிதர்கள் அங்கே காத்திருந்து வேட்டையாடியிருக்கிறார்கள். ஒவ்வொரு காலத்து அடுப்புச் சாம்பலையும் கல் ஆயுதத்தையும் மண் மூடியது. அதன்மேல் அடுத்தவர்கள் அடுப்பு மூட்டினார்கள். 1960களில் தொல்லியலாளர் லூயிஸ் கிடிங்ஸ் அங்கே அகழ்ந்து, அந்த அடுக்குகளை மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தார். இலையுதிர் காலத்தில் மான்கள் இறங்கும்போது இனுபியாட் மக்கள் இன்றும் அங்கே படகோடு காத்திருக்கிறார்கள்.