மூன்றாவது மாடியில் தெரிந்த வீல்சேர்

ஒரு தனியார் மருத்துவமனையில் வீல்சேர், இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன ப்ளூடூத் டேக் ஒட்டிக் கொடுத்திருந்தோம். எது எங்கே இருக்கிறது என்று நர்ஸ் ஸ்டேஷனில் உள்ள திரை காட்டும். ஒப்படைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. "சார், வீல்சேர் மூணாவது மாடியில இருக்குன்னு உங்க திரை சொல்லுது. நான் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு ரெண்டாவது மாடியில நிக்கிறேன்." பேசியவர் வார்டு சிஸ்டர். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

கட்டடத்துக்குள் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று ரேடியோ சிக்னலை வைத்துக் கண்டுபிடிப்பது என் வேலையில் ஒரு பாதி. அந்தக் கணிப்பை நம்பி ஓடும் மென்பொருள் எந்தச் சூழ்நிலையிலும் தப்புப் பண்ணாது என்று கணித முறையில் நிரூபிக்கப் பார்ப்பது மறு பாதி. முறைசார் சரிபார்ப்பு என்று அதற்குப் பெயர். இரண்டு பாதியிலும் அடி வாங்கியவன் என்பதால், இப்படி ஒரு கருவியை நம்பி முடிவெடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவைக்கலாம் என்று தோன்றியது.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தரைக்கு வரும்போதே சிக்னல் தேய்ந்து நூலாகிவிடும். நடுவில் இரண்டு கான்கிரீட் தளம் வந்தால் அவ்வளவுதான். ஆகவே உள்ளே இருக்கிற வைஃபையையும் ப்ளூடூத்தையும் வைத்தே ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. 2000-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் 'ரேடார்' என்ற பெயரில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஒரு தளத்தில் மூன்று பேஸ் ஸ்டேஷன், அதாவது ரேடியோ சிக்னல் நிலையம். ஒவ்வொரு இடமாகப் போய் நின்று எந்த சிக்னல் எவ்வளவு வலுவாகக் கிடைக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்வது. அப்புறம் புதிதாக வரும் அளவு அந்தக் குறிப்பில் எதோடு ஒத்துப்போகிறது என்று தேடுவது. பாதித் தடவைக்கு மேல் 2 முதல் 3 மீட்டருக்குள் இடத்தைச் சொல்ல முடிந்தது. எங்கள் வட்டாரத்தில் இதைக் கைரேகை எடுப்பது என்போம்.

அந்த மருத்துவமனையில் நாங்கள் கைரேகை எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வராந்தா காலி, லிஃப்ட் காலி, வேலை சுகமாக முடிந்தது. சிஸ்டர் போன் செய்தது திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, ஓபி கூட்டம் நெருக்கியடித்த நேரத்தில். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே உறிஞ்சும். நூறு பேர் நிற்கும் வராந்தா ரேடியோவுக்கு ஒரு ஈரச் சுவர் மாதிரி. டேக்கின் சிக்னலை வாங்கும் கருவிதான் ரிசீவர். இரண்டாவது மாடி ரிசீவருக்கு அந்த சிக்னல் மங்கிவிட்டது. மூன்றாவது மாடி ரிசீவரோ மாடிப்படிக்கு நேர் மேலே இருந்தது, அங்கே தடுக்க ஆளே இல்லை. மென்பொருள் தனக்குக் கிடைத்த எண்களை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டது. நாங்கள் அதற்குக் காட்டிய உலகம்தான் ஞாயிற்றுக்கிழமை உலகம்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்று மீட்டர் பிழை என்று ஆய்வுக் கட்டுரையில் படிக்கும்போது சின்னதாகத் தெரியும். பக்கவாட்டில் மூன்று மீட்டர் என்றால் அடுத்த அறை. மேலே மூன்று மீட்டர் என்றால் அடுத்த மாடி. விற்க வருகிறவர்கள் சராசரிப் பிழையைச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, மாடி மாறித் தப்பாகக் காட்டுவது எத்தனை தடவை, அதைக் கூட்டம் இருக்கும் நேரத்தில் அளந்தார்களா என்பது. திரையில் புள்ளிக்குப் பதிலாக, பொருள் இதற்குள் எங்காவது இருக்கலாம் என்று ஒரு வட்டம் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த வட்டம் எவ்வளவு பெரிது என்று அவர்களுக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

வீல்சேர் தொலைந்தால் தேடிக்கொள்ளலாம். அதே திரையில் இன்னொரு வசதியும் இருந்தது. ஞாபகமறதி உள்ள முதியவர்கள் கையில் கட்டும் டேக், வார்டை விட்டு வெளியே போனால் 30 விநாடிக்குள் மணி அடிக்க வேண்டும். பல நூறு தடவை நாங்களே கட்டிக்கொண்டு வெளியே நடந்து பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் அடித்தது. திருப்தியாக இருந்தது.

சோதனை என்பது நாம் நடந்து பார்த்த வழிகளை மட்டும்தான் சொல்லும். 40 டேக், ஒவ்வொன்றுக்கும் நான்கே நான்கு நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சேர்க்கைகள் 1-க்குப் பின்னால் 24 பூஜ்ஜியம் போட்டால் வருவதைவிட அதிகம். விநாடிக்குப் பத்து லட்சம் என்று சோதித்தாலும் சுமார் 3,800 கோடி ஆண்டு ஆகும். எல்லா டேக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால் ஒரு டேக், ஒரு ரிசீவர், ஒரு சர்வர் என்று சுருக்கி, அந்தச் சின்ன உலகத்தின் அத்தனை நிலைகளையும் மாடல் செக்கர் என்ற மென்பொருளைத் தேடவிட்டோம். 30 விநாடிக்குள் மணி என்ற நிபந்தனை மீறப்பட்டால், எந்தப் படி வழியாக மீறப்பட்டது என்று அதுவே எழுதிக் காட்டும்.

சில நிமிடங்களில் காட்டியது. டேக் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்குகிறது. அதே சமயம் ரிசீவர் ரீஸ்டார்ட் ஆகிறது. எழுந்ததும், தன் நினைவில் கடைசியாக இருந்த இடத்தைப் புது நேரம் போட்டு சர்வருக்கு அனுப்புகிறது. சர்வருக்கு ஆள் வார்டில் இருக்கிறார். ஆளோ அதற்குள் படி இறங்கிவிட்டார். மணி அடிக்காது. யுபிஎஸ் இல்லாத ரிசீவருக்கு ஒரு முறை கரண்ட் போய் வந்தால் போதும். எங்களில் யாரும் கரண்டை நிறுத்திவிட்டு நடந்து பார்க்கவில்லை!

இதைப் படித்துவிட்டு, நிரூபணம் கேட்டு வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் கருவியும் ரூட்டரும் சாவி பரிமாறிக்கொள்ளும் முறைக்குக் கணித நிரூபணமே இருந்தது. 2017-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப், ஃபிராங்க் பீசன்ஸ் இருவரும் கிராக் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். ஏற்கெனவே பயன்படுத்திய சாவியையே கருவி மறுபடி நிறுவும்படி செய்துவிடலாம். ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போக வேண்டிய எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்க, மறையாக்கம் பலவீனமாகிவிடும். நிரூபணத்தில் தப்பில்லை. சாவி ரகசியமாக இருக்கும் என்று அது சொன்னது, இருந்தது. சாவியை ஒரு தடவைதான் நிறுவ வேண்டும் என்று அதில் யாரும் எழுதவில்லை.

கார்ச் சாவியிலும் இதே கதைதான். சாவி பையில் இருந்தாலே கதவு திறக்கும் கார்களை 2011-இல் சூரிச் இடிஹெச் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். காரின் சிக்னலை இரண்டு ஆன்டெனா வைத்துத் தூரத்தில் இருக்கும் சாவிக்குக் கடத்தினார்கள். எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களும் திறந்தன. சாவி பதில் சொன்னால் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிக்கொண்டிருந்தது. அலுவலகங்களில் வைஃபை வருகைப் பதிவை வைத்துச் சம்பளம் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு இந்தக் கார்கள்தான் நினைவுக்கு வரும்.

அதனால் நான் இப்போது எந்த ஒப்படைப்பிலும் முதல் பக்கத்தில் அனுமானங்களை எழுதுகிறேன். கரண்ட் இருக்கும், டேக் கையில் இருக்கும், கூட்டம் இவ்வளவுக்குள் இருக்கும் என்று. வாங்குகிறவர்களில் பலர் அதைத் தாண்டிப் படம் போட்ட பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் அந்தப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரிக்கும் "இது பொய்த்தால் திரை என்ன காட்டும்?" என்று கேளுங்கள்.

அந்த மருத்துவமனையில் ரிசீவர் பழைய இடத்தை அனுப்புவதை நிறுத்தினோம். புதுச் செய்தி வராத டேக் 30 விநாடியில் சாம்பல் நிறமாகி, 'கடைசியாகப் பார்த்தது 2 நிமிடம் முன்பு' என்று காட்டும். கைடேக் என்றால் மணியும் அடிக்கும். முதல் வாரம் திரையில் பாதி சாம்பல். சிஸ்டர் மறுபடி போன் செய்தார். "என்ன சார், முன்னாடி எல்லாம் பச்சையா அழகா இருந்துச்சு. இப்ப நாங்களே எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதா இருக்கு." ஆமாம் சிஸ்டர், போய்ப் பாருங்கள் என்றேன்.